தாகத்தை நம்பாத நூற்றாண்டு

1

1976 யூலை 31ஆம் திகதி பிற்பகல், மழைத் தூறலுக்கிடையே மொன்றியல் ஒலிம்பிக்கின் மரதன் ஓட்டம் நடைபெற்றது. கிழக்கு ஜேர்மனியின் வால்டெமார் சியர்பின்ஸ்கி 2 மணி 9 நிமிடம் 55 செக்கனில் ஓடி முதலிடம் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மூனிச்சில் வென்ற அமெரிக்கரான பிராங் ஷோற்றர் இரண்டாவதாக வந்தார். வெறுங்காலோடு ஓடிப் பெயர்பெற்ற, பீகாரைச் சேர்ந்த ஷிவ்நாத் சிங் 2:16:22 நேரத்தில் 11ஆம் இடத்தைப் பிடித்தார். இலங்கை அந்த ஒலிம்பிக்கிற் பங்குபற்றவில்லை. ஆபிரிக்க நாடுகளிற் பெரும்பாலானவையும் இல்லை. இனஒதுக்கல் தென்னாபிரிக்காவுடன் ரக்பி ஆடிய நியூசிலாந்து சேர்த்துக்கொள்ளப்பட்டதை எதிர்த்து அவை பகிஷ்கரித்திருந்தன.

அன்று ஓட்டப்பாதையோரம் தண்ணீரும் பானங்களும் வைத்த மேசைகள் இருந்தன. பதக்கப் பட்டியல் எழுதுவோர் இந்த மேசைகளைக் கவனிப்பதில்லை. எனினும் அவை அங்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு கிளை, பகிஷ்கரிப்புக்குக் காரணமான அதே தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்குள் இறங்குகிறது.

ஓடுகிறவர் தண்ணீர் குடிப்பது பற்றி ஒரு விவாதச் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது எனச் சிலர் கேட்கக்கூடும். தேசியம், வர்க்கம், சாதி, பெண்விடுதலை என்று எழுதித் தீராத விடயங்கள் எமக்கு இருக்கையில் இது ஒரு சில்லறை விடயமாகத் தோன்றலாம். ஆனால் கடந்த நூறு ஆண்டுகளுக்குள் விளையாடுபவருக்கு முதலில் 'குடியாதே' என்றும், பிறகு 'குடித்துக்கொண்டே இரு' என்றும் கட்டளை இடப்பட்டது. ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரு கட்டளைகளும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை: உழைக்கும் உடல் தன் தேவையைத் தானே அறியாது, மேலேயிருக்கும் யாரோ ஒருவர்தான் அதை அளந்து சொல்லவேண்டும் என்பதே அது. இந்த நம்பிக்கை மைதானத்தோடு நின்றுவிடும் ஒன்றல்ல என்பதனாலேயே இதை இங்கு எழுதவேண்டியுள்ளது.

2

1904 ஓகஸ்ட் 30ஆம் திகதி அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மரதன் நடந்தது. வெப்பநிலை 32 பாகை சென்ரிகிறேட் அளவில் இருந்தது. பாதை புழுதி நிறைந்தது. 32 பேர் தொடங்கி 14 பேரே முடித்தனர். வழியில் தண்ணீர் கிடைத்த இடங்கள் ஒன்றிரண்டுதான். இது கவனக்குறைவினால் நேர்ந்ததன்று. போட்டியின் பொறுப்பாளரான ஜேம்ஸ் சலிவன், நீரின்றி உடல் எவ்வளவு தாங்கும் என்று அறியும் நோக்குடனேயே அவ்வாறு ஒழுங்குசெய்திருந்தார். வெற்றிபெற்ற தோமஸ் ஹிக்ஸ் வழியிலே தண்ணீர் கேட்டபோது உதவியாளர்கள் மறுத்து, வாயை மட்டும் நனைத்துவிட்டனர். பின்னர் முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ற்றிக்னின் என்ற நஞ்சையும், பிராண்டியையும் கொடுத்து அவரை முடிவிடம்வரை கொண்டுசேர்த்தனர். தண்ணீர் ஆபத்தென்றும் நஞ்சு மருந்தென்றும் கருதிய ஒரு விஞ்ஞானம் அன்று இருந்தது.

அதே ஓட்டத்தில் லென் தௌ, ஜான் மஷியானி என்ற இரு கறுப்புத் தென்னாபிரிக்கர்கள் 9ஆம், 12ஆம் இடங்களைப் பெற்றனர். அவர்கள் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் போவர் யுத்தத்தை நடித்துக்காட்டும் நிகழ்ச்சிக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். அக்கண்காட்சியில் அதே மாதம் 'மானிடவியல் நாட்கள்' என்ற பெயரில் ஆதிக்குடிகளை ஓடவும் எறியவும் வைத்து அவர்களின் உடல்களை அளந்தனர். அதை முன்னின்று நடத்தியவர்களில் சலிவனும் ஒருவர். மரதன் ஓட்டக்காரனின் தாகத்தைச் சோதித்ததும், ஆதிக்குடியின் உடலை அளந்து தரம் பிரித்ததும் ஒரே மனிதரின் ஒரே மாதத்து வேலைகள்.

1912இல் ஸ்ரொக்ஹோம் மரதனில் வெயிலில் விழுந்த போர்த்துக்கேயர் பிரான்சிஸ்கோ லாசாரோ மறுநாள் இறந்தார். வியர்வையைத் தடுக்க அவர் உடலில் மெழுகு பூசியிருந்தார் எனப்படுகிறது. 1954 ஓகஸ்டில் கனடாவின் வன்கூவரில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுகளில், பதினைந்து நிமிடங்களுக்கு மேல் முன்னணியில் மைதானத்துக்குள் நுழைந்த இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ், கடைசிச் சுற்றில் திரும்பத் திரும்ப விழுந்து, ஓட்டத்தை முடிக்காமலே தூக்கிச் செல்லப்பட்டார். அதன்பின் அவர் போட்டியில் ஓடவில்லை. மரதனில் இயன்றவரை நீராகாரமின்றி ஓடவேண்டும் என்பதே அவரது கொள்கையாக இருந்தது. குடித்தால் வயிறு அதைச் செரிக்கத் தொடங்கிவிடும், அசௌகரியம் வரும் என்பது அக்கால நியாயம். எமது பாடசாலை மைதானங்களிலும் ஓட்டத்துக்கு நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு கொளுவும் என்று சொல்லப்பட்டதை எம்மிற் பலர் கேட்டிருப்போம். அந்தப் போதனை வந்த வழி இதுதான்.

3

இந்தக் கொள்கையை உடைத்தது விளையாட்டுத்துறையன்று. உழைப்பையும் யுத்தத்தையும் கணக்குப் பார்த்தவர்களே அதை முதலில் உடைத்தனர்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் எட்வேர்ட் அடோல்ஃபும் அவர் குழுவினரும் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை வைத்து ஆய்வுசெய்தனர். சிப்பாய்க்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுத்துப் பழக்கினால் உடலின் தேவையும் குறையும் என்று தளபதிகள் நம்பியிருந்தனர். தேவை குறையாது, வேலைத்திறன்தான் குறையும் என்று ஆய்வு காட்டியது. உடலின் வியர்வைக் கணக்கில் பேரம்பேச இடமில்லை. வெப்பமான சூழலில் உழைக்கும் உடலுக்கு வியர்வை ஆவியாவதே பிரதான குளிர்விப்பு. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். அந்த நீரைக் குருதியே கொடுக்கிறது. குருதியின் கனவளவு குறையக் குறைய இதயம் வேகமாக அடித்து ஈடுகட்ட முயலும். 1944இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் களைப்பாய்வுக் கூடத்தில் பிற்ஸ், ஜோன்சன், கொன்சொலாசியோ ஆகியோர், வெப்பத்தில் நடப்பவர் இழந்த அளவுக்கு நீரருந்தினால் அதிக நேரம் நடக்கிறார் என்று காட்டினர்.

ஆயினும் மரதன் ஓட்டக்காரருக்கு இந்த அறிவு வந்துசேர மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. அது வந்த வழி ஜோகானஸ்பேர்க். ஆழத் தங்கச் சுரங்கங்களில் வெப்பத்தால் தொழிலாளர் இறப்பது சுரங்க முதலாளிகளுக்கு உற்பத்திப் பிரச்சினையாக இருந்தது. சுரங்கச் சம்மேளனத்தின் ஆய்வுகூடத்தில் சிறில் விண்டமும் நிக்கொலாஸ் ஸ்ரைடமும் பணியாற்றினர். புதிதாக வரும் கறுப்புத் தொழிலாளரைச் சூடாக்கிய கூடங்களில் மணிக்கணக்காகப் படியேறி இறங்கவைத்து, உடல்வெப்பத்தை அளந்து, வெப்பத்துக்குப் பழக்கிய பின்னரே கீழே இறக்கும் முறை அங்கு வளர்ந்தது. இதனால் மரணங்கள் குறைந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சுரங்கம் எவ்வளவு ஆழமாக, எவ்வளவு சூடாக இருக்கலாம் என்று அந்தத் தொழிலாளரை யாரும் கேட்கவில்லை. அவர்களின் உடலே சுரங்கத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டது.

இதே இருவரும் 1969இல் தென்னாபிரிக்க மருத்துவச் சஞ்சிகையில், மரதன் ஓட்டத்தில் போதிய நீர் அருந்தாமையின் ஆபத்து பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். வீதி ஓட்டக்காரர்களின் நிறையையும் உடல்வெப்பத்தையும் அளந்து, நிறையில் 3 வீதத்துக்கு மேல் நீரிழந்தவர்களிடம் உடல்வெப்பம் ஏறுவதைக் கண்டனர். ஓட்டத்தின் முற்பகுதியில் நீர் வழங்காத அக்காலச் சர்வதேச விதியைக் கண்டித்தனர். விதிகள் படிப்படியாகத் தளர்ந்தன. மொன்றியல் வீதிகளில் இருந்த மேசைகளுக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு. இனஒதுக்கலை எதிர்த்து வராதிருந்தவர்களும், இனஒதுக்கலின் சுரங்கங்களிற் பெற்ற அறிவும் ஒரே ஓட்டத்தில் சந்தித்துக்கொண்டதை வரலாற்றின் விசித்திரம் எனலாம். அந்த அறிவு பிறந்த இடம் கறைபட்டது என்பதற்காக அதைத் தூக்கியெறிய முடியாது. அது சரியான அறிவு என்பதற்காக அதன் பிறப்பை மறக்கவும் முடியாது.

4

'குடியாதே' முடிந்தவுடன் 'குடி' தொடங்கியது. 1965இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் றொபேர்ட் கேடும் சகாக்களும் தமது அமெரிக்க உதைபந்தாட்ட அணிக்காக உப்பும் சீனியும் கலந்த பானம் ஒன்றைத் தயாரித்தனர். அதுவே கேற்றரேட். அதற்கு ஏழு ஆண்டுகளின் பின்னும் பிராங் ஷோற்றர் மூனிச்சில் வாயு நீக்கிய கொக்காகோலாவைக் குடித்தே ஓடி வென்றார். ஆனால் 1980களில் வீதியோட்டம் மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்காகப் பரவ, விளையாட்டுப் பானம் பெருவணிகமாயிற்று. பானக் கம்பனி தன் பெயரில் ஆய்வு நிறுவனம் நடத்தியது. விளையாட்டு மருத்துவ அமைப்புகளுக்கு நன்கொடையும் வழங்கியது. 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, வியர்வை இழப்பு முழுவதையும் ஈடுசெய்யுமளவுக்கு, அல்லது தாங்கக்கூடிய உச்ச அளவுக்குக் குடிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. மணிக்கு 600 முதல் 1200 மில்லிலீற்றர் என்ற அளவும் கூறப்பட்டது. தாகம் நம்பத்தகாத அடையாளம், தாகம் எடுக்கும்போது காலம் கடந்துவிட்டது என்பது ஒரு மந்திரம்போல் ஓதப்பட்டது. இப்படிப்பட்ட கம்பனிகளுக்கும் ஆய்வாளருக்கும் இருந்த பணத்தொடர்புகளை 2012இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது.

இக்கட்டளையின் விளைவும் முதலில் தென்னாபிரிக்காவிலேயே கண்டறியப்பட்டது. டேர்பனுக்கும் பீற்றர்மரிற்ஸ்பேர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தூரம் ஓடும் கொம்ரேட்ஸ் ஓட்டம் 1921இல் ஆரம்பமானது. 1860 முதல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட எமது மக்கள் கரும்பு வெட்டிய நேற்றால் மாகாணம் அது. 1975வரை அவர்களின் பேரப்பிள்ளைகளோ, கறுப்பர்களோ, பெண்களோ அந்த ஓட்டத்தில் உத்தியோகபூர்வமாகப் பங்குபற்ற அனுமதிக்கப்படவில்லை. 1981இல் அந்த ஓட்டத்தில் ஒரு பெண் நினைவிழந்து விழுந்தார். அவர் நீர் குறைந்ததனால் விழவில்லை. அளவுக்கு மீறிக் குடித்ததனால் குருதியின் சோடியம் நீர்த்துப்போயிருந்தது. மருத்துவர் ரிம் நோக்ஸ் 1985இல் இதையும் இதுபோன்ற வேறு சிலரின் நிலையையும் பதிவுசெய்தார்.

குருதியில் சோடியம் லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல். வியர்வையில் பெரும்பாலும் 20 முதல் 60 வரை. விளையாட்டுப் பானத்தில் 20 அளவில். ஆகவே அளவு மீறினால் தண்ணீர் மட்டுமல்ல, 'உப்புள்ள' பானமும் குருதியை நீர்த்துப்போகவே செய்யும். சோடியம் குறைய, நீர் கலங்களுக்குள் புகும். மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு வீங்க இடமில்லை. தலையிடி, ஓங்காளம், தடுமாற்றம், வலிப்பு என்று அது வளரும். முதல் அறிகுறிகள் நீரிழப்பினது போலவே இருப்பதால் அருகில் நிற்பவர் இன்னும் தண்ணீர் பருக்குவார். 2002 பொஸ்ரன் மரதனில் 28 வயதுப் பெண்ணொருவர் இவ்வாறு இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது 13 வீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூவருக்கு அது உயிராபத்தான அளவு. முந்திச் செல்பவரைவிட, நான்கு மணிநேரத்துக்கு மேல் மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் சொன்னபடி குடித்தவரே இந்த ஆபத்துக்கு உள்ளாகினர். கீழ்ப்படிந்தவரே பாதிக்கப்பட்டார் என்பது இங்கே கவனிக்கவேண்டியது.

மேற்படி கல்லூரி 2007இல் தன் பரிந்துரையை மாற்றி, அதிகம் குடிப்பதையும் எச்சரித்தது. எமது அயலில், கியூபெக்கின் ஷேர்புறூக் பல்கலைக்கழகத்தில் எரிக் குலே முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்ட பகுப்பாய்வு, உண்மையான போட்டிக்கு ஒத்த நிலையில் 2 வீதமளவிலான நீரிழப்பு வேகத்தைக் குறைப்பதில்லை என்றும், தாகத்துக்கேற்பக் குடிப்பவரே சிறப்பாகச் செய்கிறார் என்றும் கூறியது. ஒரு நூற்றாண்டு சுற்றிவந்து விஞ்ஞானம் மீண்டும் தாகத்திடமே வந்துநின்றது.

5

இக்கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. அது ஒரு அகதி முகாமில் எழுதப்பட்டது.

கேற்றரேட்டின் உப்பும் சீனியும் வேலைசெய்வதற்கான காரணத்தை 1960இல் றொபேர்ட் கிறேன் விளக்கியிருந்தார்: குடற்சுவர் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது, அவற்றோடு நீரும் போகிறது. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் றிச்சட் காஷும் இதைக்கொண்டு வாந்திபேதி நோயாளருக்கு வாய்வழியே நீரூட்டலாம் என நிரூபித்தனர். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து இந்தியாவுக்குத் தப்பியோடிய அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. எல்லையோர போன்காவ் நகர மருத்துவமனையில் நோயாளர் தரையிலே கிடந்தனர். நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த மருத்துவர் திலிப் மஹாலனபிஸ், ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடாத்தூள் என்ற கணக்கில் கரைசல் தயாரித்துப் பெரிய பாத்திரங்களில் நிரப்பி, நோயாளரின் தாய்மாரிடமும் உறவினரிடமும் கையளித்தார். வைத்தியர் அளக்காமல் நோயாளியின் வீட்டாரே ஊட்டுவதை அன்றைய மருத்துவ உலகம் ஒப்பவில்லை. இறப்பு 30 வீதமளவிலிருந்து 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. 1978இல் லான்செற் சஞ்சிகை இதை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்றது. 1980 முதல் பிராக் நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வங்காளதேசக் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று, மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்று கையையே அளவுகோலாக்கி, பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இதைக் கற்பித்தனர்.

ஒரே உடற்கூற்று உண்மை புளோரிடாவிற் போத்தலில் அடைபட்டு விற்பனைப் பண்டமானது. போன்காவில் அது ஏழைத் தாயின் கையில் அறிவாகப் போய்ச் சேர்ந்தது. மகாலனபிசும் நிபுணர்தான். அளவைத் தீர்மானித்தவரும் அவர்தான். ஆனால் நோயாளியின் தாகத்தை அவர் நம்பினார். பக்கத்தில் இருந்தவளின் கையையும் நம்பினார்.

எமது ஊர்க் கோயில் திருவிழாக்களின் தாகசாந்தி நிலையங்களில் மோரும் ஊறுகாய்த் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கியதை இவ்விடத்தில் பெருமையோடு நினைவுகூரத் தோன்றும். வெயிலில் நடந்துவந்தவருக்கு உப்பும் நீரும் கொடுக்கவேண்டும் என்பது எமது மக்கள் அறிந்திருந்த விடயமே. ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள எமக்கு உரிமையில்லை. அதே யாழ்ப்பாணத்தில் கிணற்றுக் கட்டில் ஏற முடியாதவர்களும், தேநீர்க்கடையில் போத்தலிலும் தகரப் பேணியிலும் வாங்கிக் குடித்தவர்களும் இருந்தனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னரும், 1966 ஒக்ரோபர் எழுச்சியும் அதைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் தேவைப்பட்டன. யாருடைய தாகம் தாகமாகக் கணிக்கப்படும் என்பதை எமது சமூகமும் மேலிருந்தே தீர்மானித்துவந்தது. சலிவனையும் சுரங்க முதலாளிகளையும் கண்டிக்கும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

6

இனி மொன்றியலுக்கு வருவோம். இங்கு கோடை குறுகியது; ஆனால் ஈரமானது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆகவே உடல் குளிராது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணிக்கும் 'ஹியூமிடெக்ஸ்' சுட்டெண் 1965இல் கனடாவிலேயே உருவாக்கப்பட்டது. 2017 செப்ரெம்பர் 24இல் நடக்கவிருந்த மொன்றியல் மரதனின் முழுத்தூர ஓட்டம், பருவந்தப்பிய வெப்பத்தினால் இரத்துச் செய்யப்பட்டு, அரை மரதனும் குறுகிய ஓட்டங்களும் மட்டுமே நடந்தன. இது மேசையில் தண்ணீரைக் கூட்டித் தீர்க்கும் விடயமல்ல என்று அமைப்பாளர் உணர்ந்ததை நாமும் உணரவேண்டும். வெப்பத் தாக்குக்கு நீரிழப்பு ஒரு காரணம் மட்டுமே. வேகம், வெயில், பழக்கமின்மை ஆகியவை நீர் குடித்தவரையும் வீழ்த்தும். விழுந்தவரின் உடலை உடனே குளிர்விப்பதே முதல் வைத்தியம்.

பார்க் எக்ஸ்ரென்ஷன், கோத்-டே-நேஜ் பகுதிகளின் பூங்காக்களில் கோடை வார இறுதிகளில் விளையாடுபவர் எமது பிள்ளைகளே. ஓரத்தில் இருந்து பார்ப்பவர் எமது மூத்தவர்கள். 'தாகத்தை நம்புங்கள்' என்பதை இன்னொரு கட்டளையாக்கி இவர்கள் எல்லோர்மீதும் சுமத்திவிடக் கூடாது. வயது ஏற ஏறத் தாகவுணர்வு மங்குகிறது. இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்போரின் கணக்கும், இதயநோய்க்காக நீரைக் குறைக்கச் சொல்லப்பட்டோரின் கணக்கும் வேறு. விளையாட்டில் மூழ்கிய சிறுபிள்ளை தாகத்தை மறந்துவிடும். இவர்களுக்கு நினைவூட்ட ஒருவர் வேண்டும். ஆரோக்கியமான இளைஞருக்கு வேண்டியது அருகிலே தண்ணீரும், அதைக் குடிக்க நேரமும், குடிக்கப் போனால் ஏளனம் செய்யாத பயிற்றுநரும். ஒரு மணிநேரத்துக்கு உட்பட்ட ஆட்டத்துக்குத் தண்ணீரே போதும். விலைகூடிய வண்ணப் பானம் தேவையில்லை. நீண்டநேரம் வியர்ப்பவருக்கு உப்பிட்ட மோரோ ஊறுகாய்த் தண்ணீரோ குறைந்ததல்ல. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு மட்டும் விளையாட்டுப் பானம் வேண்டாம். அதில் சீனி கூட, சோடியம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கரைசலில் சோடியம் 75 மில்லிமோல். மருந்துக்கடையில் வாங்கும் அந்தப் பொதியே அதற்குரியது.

2014இல் பிரேசிலில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்தபோது, ஈரக்குமிழ் வெப்பச் சுட்டெண் 32 பாகையைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தி நீர் குடிக்க இடைவேளை விடவேண்டும் என்று அந்நாட்டின் தொழில் நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்டது. யூன் 29இல் போர்த்தலேசாவில் நெதர்லாந்தும் மெக்சிக்கோவும் ஆடிய ஆட்டம் அவ்வாறு நிறுத்தப்பட்டது. ஆட்டக்காரரும் தொழிலாளி, தண்ணீர் குடிப்பதற்கான நேரம் தொழில் உரிமை என்பதை அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்நகரத்தின் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் கோடையில் நின்று வேலைசெய்யும் எம்மவருக்கு இந்தத் தீர்ப்பின் பொருளை விளக்கத் தேவையில்லை.

விஞ்ஞானம் இருமுறை தவறியது என்பதைக் காட்டி, எதையும் நம்பத் தேவையில்லை என்று முடிவுகட்டுவோர் எம்மிடையே உண்டு. அவர்களுடன் நான் உடன்படவில்லை. நிறைத்தராசும் வெப்பமானியும் குருதிச் சோதனையும் இல்லாமல் இரு தவறுகளையும் கண்டுபிடித்திருக்க முடியாது. தவறு நேர்ந்தது, அளக்கப்பட்டவரிடம் கேளாமல் அளந்தவர் கட்டளையிட்ட இடத்தில். வாசகர்களிற் பலர் சங்கங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் பாடசாலைப் பெற்றோர் குழுக்களிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். அடுத்த கோடைப் போட்டிக்கு அட்டவணை போடும்போது, ஆட்டத்துக்கு நடுவே நீர் குடிக்கும் இடைவேளை எத்தனை, எந்த நேரத்தில் என்பதை ஆடப்போகும் பிள்ளைகளிடமே கேட்டு எழுதிவையுங்கள்.